‘நான்’ என்றுதான் சொன்னேன்

வெலிங்டன்
மார்ச் 9, 1986

அன்புள்ள அக்கா மாட்டேரோவாவுக்கு,

உனக்கும் பாவோரா அத்தானுக்கும் அம்மாவுக்கும், உங்கள் கூரைக்குக் கீழே வந்து போகிற எல்லோருக்கும், நம்மை முந்திப் போய்விட்டவர்களுக்கும் வணக்கம். நாங்கள் மூவரும் சுகம். குட்டி ரிபெகாவுக்கு மூக்கு மட்டும் ஒழுகிக்கொண்டிருக்கிறது. இந்த ஊர்க் காற்றில் ஒழுகாத மூக்கு கிடையாது.

ஒரு செய்தி. ஃபோனில் சொல்லியிருப்பேன். ஆனால் உங்கள் பொது லைனில் நான் வாயைத் திறந்தால் அதே லைனில் இருக்கும் டாங்கிவாய் அக்காவுக்கு உனக்கு முன்னால் தெரிந்துவிடும். அக்கா, எனக்கு மூன்றாவது மாதம். செப்டம்பர் நடுவில் என்கிறார் டாக்டர். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது பாறையில் உட்கார்ந்து கீனாவின் முள் ஓடு உடைத்துக்கொண்டே, “அடுத்த பிள்ளை உனக்குத்தான்” என்று சொன்னேனே, அப்போதே அது உள்ளே இருந்திருக்கிறது பார்.

சொன்னது சொன்னதுதான். நெவிலிடமும் சொல்லிவிட்டேன். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். பிறகு, “உங்க வழக்கம் எனக்குப் புரியலன்னாலும் உன் அக்காவப் புரியுது” என்றார்.

வாரம் மூன்று நாள் நாடாளுமன்ற உறுப்பினர் கிராடக்கின் அலுவலகத்துக்குப் போகிறேன். தட்டச்சு, தபால், டீ. பட்டம் வாங்கியதற்கு இதுவாவது கிடைத்ததே. புதன்கிழமை அவர் எங்கோ கூட்டத்தில் பேசுகிறார். ரேடியோவில் வந்தாலும் வரும். அதையெல்லாம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்காதே. அரசியல்வாதி வாயில் எதுதான் வராது.

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

உன் தங்கை,
எரானா

—

கிழக்குக்கரை
மார்ச் 17

எரானாவுக்கு,

வணக்கங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. இங்கிருந்தும் எல்லோருடையதும். அம்மாவின் முழங்கால் அப்படியேதான். ஆனாலும் வள்ளிக்கிழங்கு தோண்ட முதல் ஆளாக நிற்கிறாள்.

உன் கடிதத்தை ஸ்கூல் பஸ் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து படித்தேன். மூன்று தடவை ஹாரன் அடித்தேன். பிள்ளைகள் “ஆன்ட்டி, ஆடு குறுக்கே வந்துச்சா?” என்று கேட்டார்கள். “ஆமாண்டா, பெரிய ஆடு” என்றேன். உன் அத்தானிடம் சொன்னபோது நேராகக் கொட்டகைக்குப் போய்விட்டார். எட்டிப் பார்த்தால், பழைய மரத் தொட்டிலை இறக்கித் தேய்த்துக்கொண்டிருக்கிறார். ஐந்து தடவை என் வயிற்றில் வந்து தங்காமல் போன பிறகு பரணில் ஏற்றிய தொட்டில்.

சந்தோஷத்தை முதலில் எழுதிவிட்டேன். இனி மற்றது.

புதன் ராத்திரி ரேடியோ கேட்டோம். நீ கேட்காதே என்று சொன்ன கடிதம் மறுநாள்தான் வந்தது. உன் கிராடக் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மறக்க முடியவில்லை: “மாவோரிக் குடும்பங்களில் தாய், தந்தை என்ற பொறுப்பே வேர் பிடிப்பதில்லை. எனக்குத் தெரிந்த ஓர் இளம்பெண், பிறந்த வாரமே ஆப்பிள் பெட்டியில் வைத்து வேறு வீட்டுக்குத் தூக்கிக் கொடுக்கப்பட்டவள். அவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள், பிறகு அந்தப் பிள்ளைகள் ஏன் தெருவில் நிற்கின்றன என்று நம்மைக் கேட்கிறார்கள்.”

கை தட்டினார்கள், எரானா. நீளமாகத் தட்டினார்கள்.

இந்த நாட்டில் எத்தனை ஆப்பிள் பெட்டி இருக்கும்? “உன்னைப் பெட்டியில பார்சல் பிரிச்சுல்ல எடுத்தேன்” என்று உன்னை வளர்த்த நம் சித்தி குயினிம்மா சீண்டியதெல்லாம் நம் வீட்டுச் சிரிப்பு. அது அந்த ஆளிடம் எப்படிப் போனது?

அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எழுந்து ரேடியோவை அணைத்தாள். “தேங்காத் துண்டு மாதிரி குரல்” என்று மட்டும் சொன்னாள். அப்படியென்றால் என்ன என்று எனக்கும் தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிட் தூக்காதே.

மாட்டேரோவா

—

வெலிங்டன்
ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோருக்கும் வணக்கம். தாமதத்துக்குக் கோபிக்காதே. ரிபெகாவுக்குக் காது வலி, எனக்கு வாந்தி. வீடு நாறிக்கிடந்தது.

அந்தப் பேச்சு. ஆமாம், நான்தான் சொன்னேன். எப்போதோ டீ போடும் இடத்தில் எல்லோரும் அவரவர் பிறந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒருத்தி டாக்ஸியில் பிறந்தாளாம். நான் ஆப்பிள் பெட்டியைச் சொன்னேன். சிரித்தார்கள். எனக்கும் நன்றாக இருந்தது. “எங்கம்மா என்னைத் தூக்கிக் கொடுத்துட்டாங்க” என்றேன். ‘நான்’ என்றுதான் சொன்னேன் அக்கா. ‘என்னை’ என்றுதான் சொன்னேன். அதை அவர் ‘அவர்கள்’ என்று மாற்றிவிட்டார். ஒரு சொல்லைத்தான் மாற்றினார். ஆனால் அந்த ஒரு சொல்லில் நீ, அம்மா, டாங்கிவாய் அக்கா, பார்த்தே இராத ஆயிரம் பேர் என்று எல்லோரும் ஏற்றப்பட்டுவிட்டீர்கள்.

நெவிலும் நானும் இதைப் பற்றிச் சண்டை போட்டோம். “அந்தாளு பொய் ஒண்ணும் சொல்லலையே? பெட்டி உண்மை, கொடுத்தது உண்மை. இதுல இனவெறி எங்கருந்து வந்துச்சு?” என்றார். “உங்க பெரியப்பா குடிச்சுட்டு காரை ஏரிக்குள்ள விட்டாரே, அதுவும் உண்மைதான். வெள்ளைக்காரனுக்கே ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாதுன்னு நான் மேடையேறிச் சொன்னேனா?” என்றேன். அவர் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டார். ஆனால் ஜெயித்தது போலவும் இல்லை. இனவெறி என்பது பெரிய சொல். கிராடக் எனக்கு நல்லவராகத்தான் இருக்கிறார். ரிபெகாவுக்குக் காது வலி என்றதும் வீட்டுக்கு அனுப்பினார்.

அம்மாவுக்கு இது நான் சொன்னது என்று தெரிய வேண்டாம்.

காலுறை இரண்டு ஜோடி பின்னி அனுப்பியிருக்கிறேன். சின்னது யாருக்கு என்று உனக்கே தெரியும்.

எரானா

—

கிழக்குக்கரை
ஏப்ரல் 14

எரானாவுக்கு,

வணக்கம். காது வலி தீர்ந்ததா? பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊற்று. வெள்ளைக்கார மாமியார் கத்தினால் கத்தட்டும்.

சின்னக் காலுறை தொட்டிலில் கிடக்கிறது.

அம்மாவுக்குத் தெரிய வேண்டாமாம்! அந்தப் பெட்டியை விறகடுப்புப் பக்கத்திலிருந்து எடுத்துக் கழுவியவளே அவள்தானே. தெரியாமல் எப்படி இருக்கும்? அவள் கேட்டது ஒன்றுதான். “எரானா ‘தூக்கிக் கொடுத்துட்டாங்க’ன்னு சொன்னாளா, இல்ல அவனாப் போட்டுக்கிட்டானா?” நான் தெரியாது என்றேன். உன் கடிதம் அப்போது என் ஏப்ரன் பையில் இருந்தது.

ஸ்கூலில் நடந்ததைக் கேள். புதிதாக வந்த டீச்சர், நகரத்துப் பெண், வகுப்பில், “சொந்த அம்மாகிட்ட இல்லாம வேற வீட்ல வளர்றவங்க கையத் தூக்குங்க” என்றாளாம். பாதி வகுப்பு தூக்கியது. மீதிப் பாதி தோழர்களுக்குத் துணையாகத் தூக்கியது. டாங்கிவாய் வீட்டு மைரா இரண்டு கையையும் தூக்கினாளாம். பஸ்ஸில் கேட்டேன், “ஏண்டி ரெண்டு?” “எனக்கு ரெண்டு அம்மா ஆன்ட்டி. டீச்சர் எண்ணத் தப்பு பண்ணிடக் கூடாதுல்ல?” பஸ் முழுக்கச் சிரிப்பு. பின்சீட்டுக்காரன் ஒருவன், “அப்ப நீ தெருவுல நிப்பே, ரேடியோல சொன்னாங்க” என்றான். சிரிப்பு நின்றுவிட்டது. மைரா இறங்கும்வரை இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

பொறுப்பில்லாதவர்களாம் நாம்! அவர்கள் என்ன செய்கிறார்கள்? பிறந்த குழந்தையைத் தனி அறையில் போட்டு, அழட்டும் என்று கதவைச் சாத்துகிறார்கள். கல் நெஞ்சு. அந்த ஜனத்துக்குப் பாசம் என்பதே கிடையாது.

இன்னொன்று. நீதானே அங்கே தட்டச்சு? அந்தப் பேச்சு மேடைக்குப் போகும் முன்னால் உன் கைக்கு வரவில்லையா?

மாட்டேரோவா

—

வெலிங்டன்
மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் எல்லோரின் நலத்தையும் இங்கே தினமும் மனதுக்குள் கேட்டுக்கொள்கிறேன். குளிர் வந்துவிட்டது. வயிறு தெரியத் தொடங்கிவிட்டது.

‘கல் நெஞ்சு’ என்று எழுதியிருந்தாய். நெவிலின் அம்மா அப்படித்தான் கதவைச் சாத்தினாள், நிஜம். தாதி புத்தகத்தைக் காட்டி, அள்ளினால் பிள்ளை கெட்டுவிடும் என்று பயமுறுத்தியிருக்கிறாள். கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, அழுகை நிற்கும்வரை தானும் அழுவாளாம். போன வாரம்தான் என்னிடம் சொன்னாள், இத்தனை வருஷம் கழித்து. ‘அந்த ஜனம்’ என்று நீ எழுதியதைப் படித்தபோது அவள் எதிரில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். நீயும் ‘அவர்கள்’ என்றுதான் எழுதியிருக்கிறாய் அக்கா.

கிராடக் ஒரு யோசனை சொன்னார். பத்திரிகைக்கு ரிபெகாவோடு நான் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். இரண்டு பத்தி எழுதித் தர வேண்டுமாம், ‘ஒரு மாவோரித் தாயின் குரல்’ என்று. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

பிள்ளை விஷயத்தில் எந்த மாற்றமும் இல்லை. நெவில் சம்மதம். செப்டம்பர் கடைசியில் நீயும் அத்தானும் வந்தால் போதும். துணியெல்லாம் தைத்து வைத்துவிடுகிறேன். பால் மாவும் வாங்கி வைக்கிறேன். கட்டாயம் உனக்குத்தான். சந்தேகமே வேண்டாம்.

எரானா

—

கிழக்குக்கரை
மே 12

எரானாவுக்கு,

சுகம். சுகமா?

மாமியார் விஷயம் எனக்கு உறைத்தது. அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லாதே, சொன்னால் நான் எழுதியதையும் சொல்ல வேண்டிவரும். ஆனால் என் ‘அவர்கள்’ என் சமையலறையைத் தாண்டாது. என் பேச்சைக் கேட்டு உன் மாமியார் வீட்டு வாசலில் யாரும் கார் நிறுத்தப் போவதில்லை.

இங்கே நிறுத்தினார்கள். போன செவ்வாய். கோட் போட்ட நலத்துறைக்காரர் ஒருவர், கையில் எழுதும் அட்டை. டாங்கிவாய் வீட்டில் மைராவைக் காட்டி, “இந்தக் குழந்தை யாருடையது?” என்று கேட்டார். “எங்களோடது.” “பெத்தது யாரு?” “என் தம்பி சம்சாரம். அடுத்த வளைவுல வீடு. கூப்பிட்டா கேட்கும். கூப்பிடவா?” “ஏன் கொடுத்தாங்க?” டாங்கிவாய்க்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. “சார், மழை ஏன் பெய்யுதுன்னு கேக்குற மாதிரி கேக்குறீங்க” என்றாளாம். அவர் எதையோ எழுதிக்கொண்டு போனார். வேறு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் இப்போது கார் சத்தம் கேட்டால் மைரா கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறாள். என் பஸ் சத்தத்துக்கும்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. உருளைக்கிழங்கு பற்றி எழுதினாய், பால் மாவு பற்றி எழுதினாய்.

பிள்ளை பற்றி இப்போது பேச வேண்டாம்.

மாட்டேரோவா

—

வெலிங்டன்
ஜூன் 1

அக்கா,

வணக்கம் சொல்லித் தொடங்கக்கூட வாய் வரவில்லை. இருந்தாலும் எல்லோருக்கும் வணக்கம்.

அந்தப் பேச்சைத் தட்டச்சில் தட்டியது நான்தான். அவருடைய கோழிக்கிறுக்கலில் வந்தது. ஆப்பிள் பெட்டியைப் பார்த்ததும் காது சூடானது. “இது சரிதானே எரானா? தப்பாச் சொல்லிடலையே?” என்று அறை வாசலில் நின்று கேட்டார். “சரிதான் சார்” என்றேன். ‘தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள்’ என்பதற்குப் பிறகு ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தது. நான் போட்டேன்.

இன்னொன்றும் செய்தேன். ‘ஃபாங்கை’ என்று நாம் சொல்வதற்கு இங்கிலீஷில் என்ன எழுதலாம் என்று கேட்டார். ‘தத்து’ என்று தட்டிக் கொடுத்தேன். அவருக்கு அது மேடையில் எடுபடாது என்று பட்டது, ‘தூக்கிக் கொடுப்பது’ என்று மாற்றிக்கொண்டார். வீட்டுக்கு வந்து அகராதியைப் பிரித்தேன். முதல் பொருள் என்ன தெரியுமா, ‘ஊட்டுவது’. பிறந்ததிலிருந்து பேசுகிற சொல். நாம் கோழிக்குஞ்சுக்குத் தீனி போடும்போதும் அதையேதான் சொல்வோம். பட்டம் வாங்கியவள், அந்த நேரத்துக்கு எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

மைராவை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை.

நான் இப்போது செய்யக்கூடியது ஒன்றுதான். பிள்ளையை வாங்கிக்கொள் அக்கா. பேச வேண்டாம் என்று எழுதாதே. இதையாவது நான் சரியாகச் செய்ய விடு.

எரானா

—

வெலிங்டன்
ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலமென்று நம்புகிறேன். உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபால்காரரிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டேன். ஃபோன் செய்தேன், டாங்கிவாய் அக்காதான் இடையில் எடுத்து, “உங்கக்கா பஸ்ஸோட போயிருக்கா” என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் பொறுக்க முடியவில்லை.

வேலையை விட்டுவிட்டேன். படம் எடுக்க முடியாது என்று சொல்லப் போனேன். காரணம் கேட்டார். “என் கதையச் சொல்லி எங்க ஜனங்களத் திட்டிட்டீங்க சார். எங்க ஊருக்குக் கார் வருது” என்றேன். உண்மையிலேயே முகம் வாடிப்போனார். “ஐயோ, உன்னைச் சொல்லலம்மா. நீ அவங்கள மாதிரி இல்ல” என்றார்.

அக்கா, இதை உன்னிடம் மட்டும் எழுதுகிறேன். அதைக் கேட்டதும் ஒரு கணம் எனக்குள் ஏதோ இனித்தது. அரைக் கணம்தான். பிறகுதான் அலுவலகச் சாவியை அவர் மேஜையில் வைத்தேன். இனவெறி பெரிய சொல் என்று உனக்கு எழுதினேனே. அவர் அதை எவ்வளவு சின்னதாக, எவ்வளவு அன்பாகச் சொன்னார் பார்த்தாயா. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

ஒரு வரி போடு. திட்டியாவது போடு.

எரானா

—

கிழக்குக்கரை
ஜூலை 22

எரானாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மழையில் சாலை இரண்டு இடத்தில் சரிந்து போனது. அதனால்தான் எழுதவில்லை என்று சொல்லலாம். அதனால் இல்லை.

நான் பிள்ளையை வாங்கிக்கொள்ள மாட்டேன். அத்தான் தொட்டிலைத் திரும்பப் பரணில் ஏற்றிவிட்டார். வார்னிஷ் அடித்து முடித்துவிட்டுத்தான் ஏற்றினார்.

கோபத்தில் சொல்லவில்லை. கோபம் இருக்கிறது, அது வேறு. செய்த தப்புக்குக் கொடுக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? அது அழும்போதெல்லாம் அந்தக் கைதட்டல்தான் எனக்குக் கேட்கும்.

உனக்குத் தெரியாத ஒன்று. எனக்கு அப்போது ஏழு வயது. நீ பிறந்த வாரம் குயினிம்மாவுக்குப் பிள்ளை செத்துப் பிறந்தது. பால் கட்டிக்கொண்டு ஜன்னியில் கிடந்தாள். அம்மாதான் உன்னைக் கொண்டுபோய் அவள் மார்பில் வைத்தாள். டிரக்கில் குலுங்குமே என்று பெட்டிக்குள் ஆட்டுத்தோல் போட்டாள். பெட்டியின் ஒரு பக்கத்தை அவள் பிடித்தாள், மறுபக்கத்தை நான். உன்னைத் தூக்கிக் கொடுத்தார்கள் என்றால், தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. இரண்டு நாளில் திரும்பக் கொண்டுவருவதாகத்தான் போனோம். நீ குடித்தாய், குயினிம்மா கண்ணைத் திறந்தாள். அம்மா வெறும் பெட்டியோடு திரும்பி வந்தாள். வழியெல்லாம் அவள் சட்டை நனைந்திருந்தது. எனக்கு அது பால் என்று அப்போது தெரியாது.

இதை ஏன் என்னிடம் யாரும் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ கேட்டதில்லை. நீ ஒரு சிரிப்புக் கதையாக அதைச் சொல்லுவாய், நாங்களும் சிரித்தோம். உனக்கு வலித்திருக்கிறது என்று இப்போது தெரிகிறது. வலித்ததை எங்களிடம் சொல்லவில்லை. அவனிடம் சொன்னாய். அதைத்தான் மென்றுகொண்டிருக்கிறேன்.

வேலையை விட்டது சரி.

மாட்டேரோவா

—

வெலிங்டன்
செப்டம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு, அத்தானுக்கு,

வணக்கம். பிள்ளை மூன்று வாரம் முந்திக்கொண்டான். பையன். சின்ன உடம்பு, பெரிய குரல். நான் சுகம்.

எழுத வேண்டியதைத் தள்ளிப் போடாமல் எழுதிவிடுகிறேன். நீ வேண்டாம் என்ற கடிதம் வந்த அன்று நான் அழுதேன் என்று நெவில் தன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அழுதேன். ஆனால் அதற்கு முன்னால் மூச்சு விட்டேன். நீளமாக, நிம்மதியாக.

பாறையில் உட்கார்ந்து உனக்கு வாக்குக் கொடுத்தபோது மனதாரத்தான் கொடுத்தேன். உள்ளே அசைவு தெரிந்த நாளிலிருந்து எனக்குக் கொடுக்க மனம் இல்லை. அதை உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. அதற்கும் முன்னால், மார்ச்சில், அந்தத் தாளைத் தட்டிக்கொண்டிருந்தபோது, ‘அவர்கள் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள்’ என்ற வரியில் கை நின்றது. ரோஷத்தால் மட்டும் நிற்கவில்லை. இதை ஊரே சொன்னால், கொடுக்காமல் இருப்பதுதான் நல்ல தாய்க்கு அழகு என்று ஆகிவிட்டால், என்னிடம் யாரும் பிள்ளையைக் கேட்க முடியாது இல்லையா? இப்படி முழுசாக நினைத்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நினைப்பு ஒரு ஓரமாக வந்து உட்கார்ந்தது. அதை நான் எழுப்பி அனுப்பவில்லை. காற்புள்ளியைப் போட்டேன்.

மே மாதத்தில் ‘கட்டாயம் உனக்குத்தான்’ என்று அத்தனை அழுத்தி எழுதியது உனக்காக இல்லை, என்னை நானே நம்பவைக்க.

இதற்குப் பிறகு நீ எனக்கு எழுத வேண்டியதில்லை. பையனுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

எரானா

—

வெலிங்டன்
அக்டோபர் 5

அம்மாவுக்கு,

என்னைப் பெற்றவளுக்கு வணக்கம். உன் முழங்காலுக்கும், உன் தோட்டத்துக்கும், உன்னோடு இருப்பவர்களுக்கும், குயினிம்மா படுத்திருக்கும் கல்லறை மேட்டுக்கும் வணக்கம். உனக்கு நேராக நான் எழுதுகிற முதல் கடிதம் இது. நம் மொழியில் எழுதுகிறேன். பிழை இருக்கும். யாரையும் திருத்த விடவில்லை.

அக்கா வந்து போனதை அவள் சொல்லியிருப்பாள். முழுசாகச் சொல்லியிருக்க மாட்டாள். ஸ்கூல் லீவு விட்ட மறுநாள், எழுதாமல் கொள்ளாமல், வாசலில் ஒரு மூட்டை வள்ளிக்கிழங்கோடு நின்றாள். “உள்ள வரலாமா, இல்ல உங்க உறுப்பினர்கிட்ட கேக்கணுமா?” என்றாள். ஒரு வாரம் இருந்தாள். பிள்ளையைக் குளிப்பாட்டினாள், நெவிலின் அம்மாவோடு உட்கார்ந்து பட்டாணி உரித்தாள். இருவரும் என்னைப் பற்றிப் பேசிச் சிரித்தார்கள். என் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் எடுக்கவில்லை.

கிளம்புகிற அன்று பஸ் நிலையத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் படியில் கால் வைத்துவிட்டாள். ஓடிப்போய், “இந்தா, தூக்கிட்டுப் போ” என்று பிள்ளையை நீட்டினேன். நிஜமாகத்தான் நீட்டினேன் அம்மா. அக்கா இறங்கி வந்து கை நீட்டினாள். அவள் கை பிள்ளைக்கு அடியில் வந்துவிட்டது. என் கை விடவில்லை. விடு என்று நான் சொல்கிறேன், விரல் கேட்கவில்லை. ஓட்டுநர், “ஏறுறீங்களா இல்லையாம்மா?” என்று கத்துகிறார்.

அக்கா என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் கையை எடுத்துக்கொண்டாள்.

“முடியலன்னு ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாம்டி. நான் அழுதிருப்பேன், ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பேன், அவ்வளவுதான். அதச் சொல்ல உனக்கு ஒரு வெள்ளைக்காரன் வேண்டியிருந்துச்சு பாரு.”

நான் பிள்ளையை மார்போடு இழுத்துக்கொண்டேன்.

“மைரா இப்ப என் பஸ்ல முன்சீட்லதான் உக்காருறா. ஆனா கார் பாத்தா குனிஞ்சுக்கிறா. அது எப்பப் போகும்னு தெரியல. அதையும் தெரிஞ்சு வச்சுக்க” என்றாள். பிள்ளையின் நெற்றியில் மூக்கை வைத்து ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். ஏறிவிட்டாள். ஜன்னல் வழியாகக் கை காட்டவில்லை. ஆனால் பஸ் திரும்பும்வரை முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் விரல்கள் வலித்துக்கொண்டிருந்தன. அப்போதுதான் உன்னை நினைத்தேன். என்னைப் பெற்ற வாரத்தில் உனக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு. மார்பில் பால் இருந்தது. எதிரே உன் தங்கை ஜன்னியில் கிடந்தாள். நான் அந்நியர்கள் நடுவே, டீக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, நீ என்னை லேசாகத் தூக்கிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதற்கு மன்னிப்பு என்று எழுதிப் பார்த்தேன். தாளில் அது மிகவும் சின்னதாக இருந்தது, அடித்துவிட்டேன். பதிலாக, நான் உன்னிடம் முப்பது வருஷமாகக் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். அம்மா, உன் கை எப்படி விட்டது?

பதில் போட வேண்டாம் என்று எழுதத்தான் நினைத்தேன். அது பொய். போடு. அக்காவிடம் சொல்லி எழுதச் சொல்லாதே. நீயே எழுது.

உன் மகள்,
எரானா